ரேகை களவு போனால் மாற்று ரேகை ஏது?

புதுதில்லி:

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்வோர் கடந்தே தீர வேண்டிய இடம் எலெக்ட்ரானிக் சிட்டி. 1978-இல் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 332 ஏக்கரில் உருவாக்கிய இந்தத் தொழில்நகரில்தான் இன்ஃபோசிஸ் தலைமையகம் உள்ளது. அதன் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனியை 2009-இல் தில்லிக்கு அழைத்து, ஆதார் ஆணையத்தின் முதல் தலைவராக்கியது மன்மோகன் சிங் அரசு. 12 இலக்க எண், அதன் பின்னணியில் பத்து விரல் ரேகைகள், இரு கருவிழிப் பதிவுகள். ஆள்மாறாட்டத்தை ஒழிப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது.

அதே பெங்களூரில் 2023-இல் ஆள்மாறாட்டத்துக்கு ஆதாரே கருவியானது. கர்நாடகப் பதிவுத்துறையின் 'காவேரி' இணையதளத்திலிருந்து கிரயப் பத்திர நகல்களை எடுத்து, அவற்றிலிருந்த ரேகைகளைப் போலியாக வார்த்து, வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் உருவப்பட்டது. ஆதார்வழிப் பணப் பரிவர்த்தனைக்கு வங்கியின் பெயர், ஆதார் எண், ரேகை ஆகிய மூன்றும் போதும். ஓடிபி கேட்கப்படுவதில்லை. பத்திரத்தில் ரேகை வைக்கச் சொன்னது அரசு; இணையத்தில் ஏற்றியதும் அரசுதான். பறிகொடுத்தவர்கள் செய்த பிழை, வீடோ மனையோ வாங்கியதுதான்!

எச்சரிக்கை வராமல் இல்லை. ஆதார் நகலை எவரிடமும் கொடுக்க வேண்டாம், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27-இல் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று காரணம் காட்டி, இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது தில்லி. அறிவுரை மட்டும் இன்றும் செல்லுபடியாகக் கூடியதே.

ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ ரேகையைப் 'பூட்டி' வைக்கலாம். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ஆனால், அதற்கு ஆதாருடன் இணைத்த கைபேசி எண் வேண்டும். ரேகை வைத்தே ரேஷன் அரிசியும் ஓய்வூதியமும் பெறும், சொந்தக் கைபேசி இல்லாத மூதாட்டிக்கு இந்தப் பூட்டு எட்டாத உயரத்தில் தொங்குகிறது.

அடையாளத் திருட்டுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. திருடியவனுக்குத் தண்டனை சரி. திருடும்படி திறந்து வைத்தவர்களுக்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமியும் பெங்களூரில் வாழ்ந்த முன்னாள் நீதிபதியே. ஆறாண்டு கழித்து நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே விட்டுவைத்துள்ளது.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழைப்பதுடன், வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பை வாடிக்கையாளர்மீது சுமத்தக் கூடாது என ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் உத்தரவிட்டது. அந்த மூன்று நாள் கணக்கு, கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலிருந்தே தொடங்கிவிடும்.