பகல் ஒரு மணி மேட்ச், மூணு நிமிஷ இடைவேளை
பகல் மேட்ச்னா சீக்கிரம் மூச்சு வாங்கும், ராத்திரின்னா நல்லா ஓடலாம், அவ்வளவுதான்னு நானும் நினைச்சேன். 2014 உலகக்கோப்பை நெதர்லாந்து–மெக்சிகோ மேட்ச்சைத் திரும்பப் பார்த்தேன். பிரேசிலின் ஃபோர்டலேசா, பகல் 1 மணி.

2014-ல ஃபிஃபா வெறும் வெப்பநிலையைப் பார்க்கலை. ஈரப்பதம், நேரடி வெயில் எல்லாம் சேர்ந்த ஒரு அளவு இருக்கு. அப்போ அது 32 டிகிரியைத் தாண்டினா தண்ணி குடிக்க இடைவேளைங்கிறதுதான் விதி. ராத்திரியில வெயில் கணக்கே கிடையாது பாருங்க.

நெதர்லாந்து 0-1 பின்தங்கியிருந்துச்சு. இரண்டாம் பாதி இடைவேளையில கோச் வான் கால் திட்டத்தையே மாத்தினார். அவரே அப்புறம் சொன்னார். ஹுன்டலார் உள்ளே வந்தார். 88-வது நிமிஷம் ஸ்னைடர் கோல். இஞ்சுரி டைம்ல ஹுன்டலார் பெனால்டி. 2-1.

மெக்சிகோ ரசிகர்களுக்கு அந்தப் பெனால்டி மேலதான் கோபம். எனக்கு அந்த மூணு நிமிஷத்து மேல.