படகுக்குள் ஒரு சிவப்புக் குமிழ்

பாய்மரப் படகுக்குக் காற்று மட்டும் போதும் என்பது கரையில் இருப்பவர்களின் நினைப்பு. ஜிபிஎஸ், ரேடியோ, ஃபிரிட்ஜ், இரவு விளக்கு எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன.

இவை பேட்டரியைக் காலி செய்துவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அதனால் பேட்டரிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும். இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும்.

பழைய படகுகளில் இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும்: 1, 2, இரண்டும், ஆஃப். திருப்புவது சுலபம்; மறப்பது அதைவிடச் சுலபம். ‘இரண்டும்’ என்று விட்டுவிட்டுத் தூங்கினால் விடிவதற்குள் இரண்டுமே காலியாகலாம். எஞ்சின் ஓடும்போது ‘ஆஃப்’புக்குத் திருப்புவது இன்னும் மோசம். எஞ்சினால் சுற்றும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் சட்டென்று எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் கருகிப்போகலாம்.

இப்போது பலர் ஆல்டர்னேட்டர் வயரைக் குமிழுக்குக் கொண்டுபோகாமல், ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரியில் இணைக்கிறார்கள். நடுவில் ஒரு ரிலே. வோல்டேஜ் சுமார் 13.5ஐத் தொட்டால் இரு பேட்டரிகளையும் சேர்க்கும், இறங்கினால் பிரிக்கும். மறதிக்காரர்களுக்கு இதுதான் சரி.

லித்தியம் பேட்டரி வந்ததும் புதுத் தலைவலி. கொடுப்பதையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடினால் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகவே சுற்றும். சூடு தாங்காமல் சுருள் எரிந்துவிடலாம். சூட்டை அளந்து மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரையும் சேர்த்தே வாங்க வேண்டும்.