கடல் தாண்டி இருக்கும் வீட்டுக்கு எது சாவி?

உங்கள் பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்க்கிறாரா? ஊரில் அவர் பெயரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறதா? அல்லது நீங்களே அப்படி ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறப் போகிறீர்களா? அப்படியானால் புதிதாக வாங்கிய உங்கள் கம்ப்யூட்டருக்கு நிறைய வேலை காத்திருக்கிறது. என் அனுபவத்தை எழுதுகிறேன். இதில் பாதி, நான் செய்த தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டது.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சிங்கப்பூரில் வாடகை அறையில் இருக்கிறேன். சொந்த வீடு தஞ்சாவூரில். 2022ல் அப்பா காலமான பிறகு, அம்மாவும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து வீடு என் பெயருக்கு வந்தது. 2023 ஜூனில் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. அம்மா கோயம்புத்தூரில் அக்காவுடன் போய்விட்டார். வீட்டைப் பூட்டி, ஒரு சாவியை எதிர் வீட்டு பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் இந்திய சிம் கார்டை, "சிங்கப்பூரில் இது எதற்கு" என்று பீரோவில் வைத்துவிட்டேன்.

அதுதான் முதல் தவறு.

2024 ஏப்ரலில் சொத்து வரி கட்ட உட்கார்ந்தேன். தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதத்தில் கட்டினால் 5 சதவீதம் சலுகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். என் வீட்டுக்கு அது 70 ரூபாய்தான் வரும். இருந்தாலும் விடுவானேன்? வரி விதிப்பு எண்ணைக் கொடுத்தேன், தொகை வந்தது. நெட் பேங்கிங்கைத் தேர்ந்தெடுத்தேன். ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. அப்போதுதான் சிம் பீரோவில் இருப்பது நினைவுக்கு வந்தது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஓ.டி.பி. என்பது ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் பாஸ்வேர்டு. நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்தவுடன், வங்கியின் கம்ப்யூட்டர் ஓர் எண்ணை உருவாக்கி உங்கள் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். பாஸ்வேர்டை ஒருவன் திருடினாலும் மொபைல் அவன் கையில் இல்லை என்பதுதான் இதன் பாதுகாப்பு. ஆனால் வங்கி பார்ப்பது எண்ணை மட்டும்தான். அந்த எண் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பெரியம்மாவை வீட்டைத் திறந்து சிம்மை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் சும்மா அந்த எண்ணுக்கு போன் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

ஓசூர் பக்கம் லாரி ஓட்டுபவராம். நான்கு மாதமாக அந்த எண் அவருடையது. நான் விஷயத்தைச் சொன்னதும், "அது நீங்கதானா தம்பி? பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துகிட்டே இருக்கு. நான் அழிச்சிட்டே இருக்கேன்" என்றார். நல்ல மனிதர். வேறு யாராவது கையில் சிக்கியிருந்தால், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற பட்டனை கிளிக் செய்திருப்பார்கள். கணக்கில் அப்பாவின் பணமும் இருந்தது. அன்று இரவே வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொன்னேன். எண்ணை மாற்ற நேரில் வர வேண்டும் என்றார்கள். ஜூனில் போனேன். 70 ரூபாய் சலுகைக்கு ஆசைப்பட்டு விமான டிக்கெட் வாங்கினேன் என்று அக்கா இன்றும் கேலி செய்கிறாள். அந்த 70 ரூபாய்க்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் விஷயமே தெரிந்திருக்காது என்பது என் கட்சி.

சிம் ஏன் செத்தது?

யாரும் ஏமாற்றவில்லை, விதிப்படிதான் நடந்தது. ப்ரீபெய்டு எண்ணில் தொடர்ந்து 90 நாட்கள் அழைப்பு, எஸ்.எம்.எஸ்., டேட்டா எதுவுமே இல்லையென்றால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாட்கள் விட்டு வைக்க வேண்டும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அதன் பிறகு கொடுக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூனில் பீரோவுக்குள் போன சிம், செப்டம்பரில் துண்டிப்பு, டிசம்பரில் ஓசூர்.

எனவே புறப்படும் முன் சிம்மை உங்கள் போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொள்ளுங்கள். சர்வதேச ரோமிங் வசதியை இந்தியாவில் இருக்கும்போதே ஆன் செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இறங்கியதும் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பில் எகிறும். பெரும்பாலான திட்டங்களில் வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ். பெறுவதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் திட்டத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ஒரு திட்டமாவது தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதில் 365 நாட்கள் வரை வேலிடிட்டி தரலாம். பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு ஏற்ற திட்டம் அதுதான்.

வங்கிக் கணக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறியவர் தன் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். நான் இதையும் தாமதமாகத்தான் செய்தேன். ஆனால் இதில் ஒரு லாபம் கிடைத்தது. என் வங்கி என்.ஆர்.ஓ. கணக்கில் சிங்கப்பூர் எண்ணையே பதிந்துகொண்டது. 2023 முதல் சிங்கப்பூர் உட்பட 10 நாடுகளின் மொபைல் எண்களில் இந்தியக் கணக்குக்கு யு.பி.ஐ. வசதியும் அனுமதிக்கப்பட்டது. ஆதாருடன் இணைந்திருப்பது மட்டும் இந்திய எண். அந்த சிம்மைக் கண் போலப் பார்த்துக்கொள்கிறேன்.

கரண்ட் பில்லும் ஏமாற்று எஸ்.எம்.எஸ்.ஸும்

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நுகர்வோர் எண் தெரிந்தால் மின்வாரிய இணைய தளத்தில் எங்கிருந்தும் கட்டலாம். முன்பணம் கட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்கு இது மிக நல்லது. மீட்டர் வீட்டுக்குள் இருந்தால் ரீடிங் எடுக்க வருபவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் மீட்டரை வெளி வராந்தாவுக்கு மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. மின் இணைப்பு, சொத்து வரி, பட்டா மூன்றும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் மின் இணைப்பு தாத்தா பெயரிலேயே இருந்தது!

ஒரு நாள் பெரியம்மாவுக்கு ஓர் எஸ்.எம்.எஸ். வந்தது. பில் கட்டாததால் இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும் என்று. பதறிப்போய் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசினார். 2022லேயே நாடு முழுக்கப் பரவிய மோசடி இது. அந்த எண்ணை அழைத்தால் ஒரு சாப்ட்வேரை இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் திரையைத் தூரத்திலிருந்து அவர்கள் பார்க்க வழி செய்யும் ரிமோட் புரோகிராம். நீங்கள் 10 ரூபாய் கட்டும்போது தெரியும் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் அவர்கள் பார்த்துவிடுவார்கள். பில் பாக்கியா என்று மின்வாரியத் தளத்தை நீங்களே பிரவுசரில் திறந்து பாருங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண்ணை அழைக்க வேண்டாம், லிங்க்கைத் தொட வேண்டாம். சாவி வைத்திருப்பவருக்கும் இதைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

கேமரா வாங்கலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் வைக்கிறேன். என் வீட்டுக் கேமரா இதுவரை பிடித்த பெரிய குற்றவாளி ஒரு பல்லி. நள்ளிரவில் லென்ஸ் மேல் ஏறி என்னை எழுப்பியது.

பழைய புத்தகங்களில் ரவுட்டரில் போர்ட் திறந்து கேமராவைப் பார்க்கும் முறை இருக்கும். இப்போது பல இணைப்புகளில் அது வேலை செய்யாது. நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐ.பி. முகவரியைத் தருகிறது. ஒரு தெருவுக்கே ஒரே கதவு எண் கொடுத்தது போல. வெளியிலிருந்து தபால் வந்தால் எந்த வீட்டுக்கு என்று தெரியாது. அதனால் இன்றைய கேமராக்கள் தாமே வெளியே போய், தயாரித்த நிறுவனத்தின் சர்வருடன் தொடர்பு கொள்கின்றன. உங்கள் போனும் அங்கேதான் போகிறது. வசதிதான். ஆனால் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் உங்கள் கூடத்தை ஊரே பார்க்கலாம். பாக்ஸோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016ல் மிராய் என்ற வைரஸ், இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது.

'கேமரா ஆப்லைன்' என்று வந்தால் திருடன் என்று பயப்பட வேண்டாம். பத்தில் ஒன்பது முறை கரண்ட் கட்தான். ரவுட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ். போதும். இன்வெர்ட்டரை ஓட விட்டு வந்தால் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் யார் ஊற்றுவது என்று யோசியுங்கள்.

கேமராவால் முடியாதவை நிறைய. போர் மோட்டாரை மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால் இறுகிவிடும். பாத்ரூம் டிராப்பில் தண்ணீர் வற்றினால் கரப்பான் வரும். மூடாத தொட்டியில் டெங்கு கொசு வளரும். பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து மோட்டாரை ஐந்து நிமிடம் போட்டு, குழாய்களைத் திறந்துவிட்டு, எனக்கு வீடியோ கால் செய்கிறார். அவர் மாலை 4 மணிக்கு அழைத்தால் எனக்கு 6.30. தீபாவளிக்கு அவருக்குப் புடவை அனுப்புகிறேன். கேமராவின் மாதச் சந்தாவை விட இதில் பலன் அதிகம்.

பத்திரங்கள்

பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து பி.டி.எப். பைலாக வையுங்கள். பைல் பெயரில் ஆண்டை முதலில் எழுதுங்கள், '2024-04-12 சொத்து வரி' என்பது போல. அப்போதுதான் போல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும். ஒரு காப்பி பென் டிரைவில், இன்னொன்று இணையச் சேமிப்பில்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பதிவுத்துறை தளத்தில் லாகின் செய்து வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், தேதி கொடுத்தால் உங்கள் இடத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று வந்துவிடும். பூட்டிய வீட்டின் மேல் யாரோ பத்திரம் போட்டால் உங்களுக்குத் தெரிய வரும் வழி இதுதான்.

அக்காவுக்கு ஒரு பவர் பத்திரம் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். வரி, மின்சாரம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதில் தெளிவாக எழுதினோம். விற்கும் அதிகாரம் இல்லை. அக்கா மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, அவளே அப்படித்தான் எழுதச் சொன்னாள்.

வாடகைக்கு விட்டுவிடு என்று பலர் சொல்கிறார்கள். வெளிநாடு வாழ் உரிமையாளருக்கு வாடகை தருபவர் 30 சதவீதம் வரியும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று சொன்னதும், வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை தளங்களின் பாஸ்வேர்டுகளையும் எங்கே எழுதி வைப்பது என்று கேட்பீர்கள். அதை இன்னொரு இதழில் பார்ப்போம். அதுவரை டைரியின் கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத வேண்டாம்.