விவசாயப் பொருளாதாரம்: நம் பிள்ளைகளுக்கேற்ற ஒரு துறை

ஒரு மூட்டை நெல் விளைவிக்க என்ன செலவாயிற்று என்று கேட்டால், விதை, உரம், கூலி ஆகியவற்றைக் கூட்டிச் சொல்வோர் பலர். வீட்டார் களையெடுத்த நாட்களையும், சொந்த நிலத்தின் வாடகையையும் கணக்கில் சேர்ப்போர் மிகச் சிலரே. தார் சுற்றும் மனைவியின் உழைப்பைச் சேலையின் அடக்கவிலையில் சேர்க்காத நெசவாளரும் அத்தகையவரே. இவ்வாறு விடுபடுவனவற்றை அளந்து காட்டுவது விவசாயப் பொருளாதார அறிஞரின் முதற்கடமையாகும்.

இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. கையிலிருந்து கொடுத்த செலவு ஒருவகை; அத்துடன் குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்ப்பது இரண்டாவது வகை; சொந்த நிலத்தின் வாடகையையும் சொந்த முதலின் வட்டியையும் கூட்டுவது மூன்றாவது வகை. 2018-19 முதல் மத்திய அரசு, இரண்டாவது வகைச் செலவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் ஆதரவு விலையை நிர்ணயித்து வருகிறது. மூன்றாவது வகையையே அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்பது உழவர் அமைப்புகள் பலவற்றின் கோரிக்கை. எதைச் செலவென்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து உழவனின் வருமானமே மாறுகிறது.

இத்துறை நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு கங்கைகொண்டான், இருவேல்பட்டு முதலிய கிராமங்களின் நிலைமையை ஆராயச் செய்தார். 1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வோ, உழவர் பெற்ற கடனில் நூற்றுக்கு 3 ரூபாயளவே கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கின என்று வெளிப்படுத்தியது. சங்கங்களில் அரசும் பங்குதாரராகச் சேரவேண்டும் என்ற கொள்கை அவ்வாய்வின் பயனாகவே வலுப்பெற்றது.

இதைப் பயில விரும்பும் மாணவர் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களைக் கற்று, நான்கு ஆண்டு விவசாயப் பட்டப்படிப்பில் சேரலாம். பின்னர் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும், அதன்மேல் ஆராய்ச்சிப் படிப்பும் உண்டு. வங்கிகள், 1982-இல் தோன்றிய நபார்டு, பல்கலைக்கழகங்கள், சாகுபடிச் செலவு ஆய்வுத் திட்டம் ஆகியவற்றில் இவர்களுக்கு வேலையுண்டு. கணிதத்தில் தேர்ச்சியோடு, களத்துமேட்டில் அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் குணமும் வேண்டும். உழவர் மனம் திறந்து சொல்லாவிடில் புள்ளிவிவரம் பொய்த்துவிடும்.

அங்கத்தினர்கள் இப்போதே ஒரு காரியம் செய்யலாம். படிக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு போகத்தின் வரவு செலவையும் வீட்டார் உழைத்த நாட்களையும் அன்றாடம் எழுதச் செய்யுங்கள். அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு அமர்ந்து கூட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு அதுவே முதற்பாடம். உங்களுக்கோ உண்மையான இலாப நஷ்டம் தெரியும்.