ஜெனரேட்டரின் தாகம்

2012-ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அந்நாள்களில் மருத்துவமனைகளையும் ஆலைகளையும் கடைகளையும் தாங்கி நின்றவை டீசல் ஜெனரேட்டர்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால், பெரும்பாலான ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீரும் வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தத் தண்ணீர் செய்யும் வேலையை இக்கட்டுரையில் காண்போம்.

ஜெனரேட்டர் என்பது இரண்டு பொறிகளின் கூட்டு. ஒன்று, டீசலை எரித்துச் சுழலும் எஞ்சின். மற்றொன்று, அச்சுழற்சியை மின்சாரமாக மாற்றும் ஆல்டர்னேட்டர். சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் ஏறத்தாழ 2,000 டிகிரி சென்டிகிரேடை எட்டுகிறது. பிஸ்டன் செய்யப் பயன்படும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும்!

டீசலில் அடங்கிய ஆற்றலைப் பத்துப் பங்காகக் கொண்டால், மூன்று அல்லது நான்கு பங்கே சுழற்சியாகப் பயன்படுகிறது. ஏறக்குறைய மூன்று பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய வெப்பத்தை எஞ்சினின் உடல் தாங்க வேண்டியிருக்கிறது. அதை அகற்றாவிட்டால் மசகெண்ணெய் வழவழப்பை இழக்கும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். இதைத்தான் மெக்கானிக்குகள் “எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது” என்கிறார்கள்.

இந்த எஞ்சினை உருவாக்கிய ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசலே, குளிர்விப்புத் தேவைப்படாது என்றுதான் முதலில் எண்ணினார். 1893-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் சோதித்த முதல் எஞ்சினில் தண்ணீருக்கு இடமே இல்லை. சோதனைகள் அவருக்கு உண்மையைக் கற்பித்தன. 1897-இல் வெற்றி கண்ட அவருடைய எஞ்சின் நீரால் குளிர்ந்த எஞ்சினே.

திருவாதவூர், மேலூர்ப் பக்கத்தில் வாழும் நமக்கு இதை விளக்க, கிணற்றடியில் ஓடும் ஆயில் எஞ்சினே போதும். அது இறைக்கும் நீரிலிருந்து சிறு குழாய் ஒன்று பிரிந்து எஞ்சினுக்குள் செல்லும். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீருறையில் பாய்ந்து, சூடாகி வெளியே கொட்டும். வயலுக்கு நீர் இறைக்கும் எஞ்சின் தன் தாகத்தையும் அந்நீராலேயே தணித்துக்கொள்கிறது!

ஜெனரேட்டருக்கு அருகில் கிணறு இருக்குமா? ஆகவே அதில் ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். பம்பு நீரைத் தள்ளுகிறது. நீர் சிலிண்டரின் வெப்பத்தை ஏற்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது விசிறிக் காற்று அவ்வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இதற்கு நீரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடேற ஏற்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று ஏற்பதைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

எஞ்சின் மிகவும் குளிர்ந்திருப்பதும் நல்லதன்று. எனவே நீர் போதிய அளவு சூடேறும் வரை தெர்மோஸ்டாட் என்னும் கதவு ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைக்கிறது. நீரை 80 முதல் 95 டிகிரி வரையில் வைத்திருப்பதே வழக்கம். ரேடியேட்டரின் மூடி, நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடி போன்றது. உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் 100 டிகிரியிலும் கொதிக்காது. சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் நீர் குபீரென்று கொதித்து முகத்தில் பாயும். ஆறும் வரை அதைத் தொடவே கூடாது.

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கிணற்று நீரை ஊற்றினால் எஞ்சினுக்குள்ளும் அப்படியே படியும். அப்படிவு இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். தொட்டி நிறைய நீர் இருந்தும் எஞ்சின் வெந்துபோகும்! இதனால்தான் உப்பு நீக்கிய நீரோடு துருவைத் தடுக்கும் ‘கூலண்ட்’ திரவத்தைச் சேர்க்கிறார்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

பெரிய மின் நிலையங்களின் தாகமும் பெரிது. மதுரையை அடுத்த சமயநல்லூரில் 2001-இல் 106 மெகாவாட் திறனுள்ள டீசல் மின் நிலையம் அமைந்தது. அதற்கு முன்பே, 1999-இல், சென்னை பேசின் பிரிட்ஜில் ஏறத்தாழ 200 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. குடிநீருக்கே மக்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் சென்னையில் எஞ்சின்களுக்கு நீர் எங்கே கிடைக்கும்? மாநகரக் கழிவுநீரைப் பெற்று, சுத்திகரித்து, குளிர்விப்புக்குப் பயன்படுத்தியது அந்நிலையம். மனிதர் வாயிலிருந்து நீரைப் பறிக்காமல் எஞ்சினின் தாகம் தீர்த்த நல்ல வழி அது.

குளிர்விப்பு நின்றால் என்ன ஆகும் என்பதை உலகம் 2011 மார்ச் 11 அன்று கண்டது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஆழிப்பேரலை புகுந்தது. அவசர ஜெனரேட்டர்களைக் குளிர்விக்கக் கடல்நீரைத் தந்த பம்புகளும் மின் இணைப்புப் பெட்டிகளும் பல ஜெனரேட்டர்களும் நீரில் மூழ்கின. ஆறாம் உலையைச் சேர்ந்த, காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று மட்டும் தொடர்ந்து மின்சாரம் தந்தது. ஐந்தாம், ஆறாம் உலைகள் பிழைத்தது அதனால்தான். மற்ற உலைகளில் மூன்று உருகின.

தோழியரே! அறுவைச் சிகிச்சை நடக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் ஓர் உயிர் ஜெனரேட்டரை நம்பியிருக்கும். டீசல் அளவைப் பார்ப்பவர் கூலண்ட் அளவையும், விசிறிப் பட்டையின் இறுக்கத்தையும், ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவாவது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் ஓர் உயிரின் விலையாக இருக்கக்கூடும்.