எச்சில் வடிக்கும் மாட்டின் வாயில் கை விடாதீர்கள்!

தீவனம் எடுக்காமல், எச்சில் வடித்தபடி மாடு நின்றால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாயில் கை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வெறிநோயிலும் இதே அறிகுறிதான். குரல் மாறி ஓயாமல் கத்தினால் சந்தேகம் வலுக்கும். கை விட்டவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாடு இறந்தபின் மூளைத் திசுவைப் பரிசோதித்தே நோயை உறுதி செய்கிறார்கள். எனவே முடிவுக்குக் காத்திராமல், நாய் கடித்த அன்றே மாட்டின் காயத்தைக் கையுறை அணிந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கால்நடை மருந்தகத்தில் அன்றும், பிறகு 3, 7, 14, 28-ஆம் நாள்களிலும் தடுப்பூசி போடுவார்கள். அறிகுறி தோன்றியபின் ஊசி பயன்படாது. சந்தேகத்துக்குரிய மாட்டின் பாலைப் பயன்படுத்த வேண்டாம்.

தொழுவத்துக் காவல் நாய்க்கு 3 மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த அம்பத்தூரில் நாய் வளர்க்க உரிமம் பெறவும் இந்தச் சான்று தேவை. ஆவடி, பூந்தமல்லிக்காரர்களும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.