கோடுகளும் கடிகாரமும்

பூகோள உருண்டையின்மீது குறுக்கும் நெடுக்குமாகப் பல கோடுகள் வரையப்பட்டிருத்தலைக் காணலாம். நிலத்திலும் நீரிலும் தேடுவார்க்கு அவை தென்படா. ஆயினும், கரை காணாக் கடலில் செல்லும் மாலுமிக்குத் தன் இடத்தை உணர்த்துவன அவையே.

குறுக்குக் கோடுகள் அட்சரேகைகள் எனப்படும். அவற்றுள் நடுவில் உள்ளது பூமத்திய ரேகை. அதன் அளவு 0 பாகை. அங்கிருந்து துருவம்வரை 90 பாகை. வடபாதியில் துருவ மீன் அடிவானத்தினின்று எத்தனை பாகை உயர்ந்து தோன்றுகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் அட்சரேகையாகும். ஆதலின், தெளிந்த வானம் வாய்த்தால் மாலுமி இதனை எளிதில் அறிவான்.

நெடுக்குக் கோடுகளாகிய தீர்க்கரேகைகளின் செய்தி வேறு. அவை யாவும் துருவங்களை இணைப்பன, ஒத்த நீளமுடையன. எனவே, தொடக்கக் கோட்டை மக்களே கூடி முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 1884-இல் வாஷிங்டனில் நடந்த மாநாடு கிரீனிச் வழியே செல்லும் கோட்டைத் தேர்ந்தது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. மணிக்கு 15 பாகை. கப்பல் உள்ள இடத்தில் நண்பகலாகும்போது, புறப்பட்ட துறையில் பிற்பகல் 3 மணியாயின், கப்பல் 45 பாகை மேற்கே வந்துள்ளது என்பது தெளிவு. கணக்கு எளிதே, ஆனால், புறப்பட்ட துறையின் நேரத்தை நடுக்கடலில் அறிவது எங்ஙனம்? அக்காலத்து ஊசற்கடிகாரங்கள் அலையாட்டத்தில் தடுமாறின. 4 நிமிடம் பிழைத்தால் ஒரு பாகை பிழைக்கும். பூமத்திய ரேகையில் அது ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும்.

1707-இல் தாயகம் திரும்பிய ஆங்கிலப் போர்க்கப்பல்கள், தாம் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. நான்கு கப்பல்கள் அழிந்தன. ஆயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், கடலில் தீர்க்கரேகையை அறியும் வழி காண்பார்க்கு 20,000 பவுன் வரை பரிசளிக்கச் சட்டம் இயற்றியது.

வானநூல் வல்லார் விடையை விண்ணிலே தேடினர். நிலவின் இயக்கத்தைக்கொண்டு அறியும் அவர்தம் முறையும் பின்னர்ப் பயன்பட்டதே. எனினும், அதற்கு நெடுங்கணக்கு வேண்டும். ஜான் ஹாரிசன் என்னும் தச்சரோ கடிகாரத்தையே திருத்த முற்பட்டார். ஏறத்தாழ முப்பதாண்டு உழைத்து, மூன்று பெருங்கடிகாரங்களைச் செய்தும் மனநிறைவு பெறாமல், 1759-இல் நான்காவதை முடித்தார். அது பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம் போன்றது. 1761-இல் புறப்பட்ட கப்பலொன்று அதனை ஜமெய்க்காவுக்குக் கொண்டு சென்றது. அது நாள்தோறும் பிந்துவதாக முன்னரே கண்ட அளவைக் கழித்துப் பார்த்தபோது, எண்பது நாளில் நேர்ந்த பிழை 5 விநாடியளவே.

அப்பொழுதும் நடுவர்கள் ஐயம் நீங்காது, பரிசை முழுவதும் வழங்காமல் காலந்தாழ்த்தினர். அரசர் மூன்றாம் ஜார்ஜ் துணைநின்ற பின்னரே, 1773-இல் பாராளுமன்றம் எஞ்சிய பெருந்தொகையை ஹாரிசனுக்கு அளித்தது. அப்போது அவருக்கு வயது 80.